போர்வெல் தண்ணீர் குடித்த ஐஸ் மெஷின்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐஸ் மெஷின் தள்ளிய ஒன்பது துண்டுகளையும் மாவு அளக்கிற டிஜிட்டல் தராசில் போட்டேன். 66 கிராம். ஐந்து வாரத்துக்கு முன்னால் அதே ஒன்பது துண்டு 31 கிராம்தான் இருந்தது. அதுவும் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு. டம்ளரில் போட்டு ஆள் கையில் கொடுப்பதற்குள் கரைந்துவிடும். இடையில் 1,500 ரூபாய் போயிருக்கிறது. அதில் 730 ரூபாய் என் அவசரத்துக்குக் கட்டிய தண்டம். இதே மாதிரி மெஷின் வைத்திருக்கிற யாராவது அந்த 730-ஐயாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சமையல் மேடையில் வைக்கிற சின்ன ரகம் இது. இரண்டு மிக்ஸியை ஒட்டி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். 2022-ல் அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தபோது நாளைக்கு நாலு தடவை ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் டிரே ஈடுகொடுக்கவில்லை. ஆன்லைனில் 9,200 ரூபாய்க்கு இதை வாங்கினோம். கால் சரியானதும் மெஷின் நன்னாரி சர்பத்துக்கும் ரோஸ்மில்க்குக்கும் மாறிக்கொண்டது. பெட்டியின் மேல் 24 மணி நேரத்தில் 12 கிலோ என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டால் பொய்யில்லை. இட்லிக்குச் சொல்வது போல இதற்கும் ஈடு என்றே சொல்கிறேன்: 8 நிமிடத்துக்கு ஒரு ஈடு, நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் 180 ஈடு, ஈடுக்கு 66 கிராம். ஏப்ரல் மாதத்துச் சமையலறையில் 8 நிமிடத்தில் வராது, 10 ஆகும். அது வேறு விஷயம்.

உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அடியில் ஒன்றரை லிட்டர் டேங்க். அதிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஒரு சின்ன டிரேக்கு ஏற்றும். அந்த டிரேயில் நிக்கல் முலாம் பூசிய ஒன்பது குச்சிகள் தலைகீழாக முங்கி நிற்கும். குச்சிக்குள் குளிர் ஓட, சுற்றிலும் ஐஸ் பிடிக்கும். நேரம் ஆனதும் டிரே கவிழ்ந்து, உறையாத மிச்சத் தண்ணீரை டேங்குக்கே திருப்பிக் கொட்டும். அதே நேரம் குச்சிக்குள் சூடான கேஸ் பாயும், ஐஸ் நழுவி விழும், ஒரு பலகை வந்து அதைக் கூடைக்குத் தள்ளும். கூடைக்கு ஃப்ரீஸர் கிடையாது. எடுக்காத ஐஸ் கரைந்து, சொட்டிச் சொட்டி, மறுபடி அதே டேங்குக்கு வந்து சேரும். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே தண்ணீர்.

கோயம்புத்தூர் வடவள்ளியில் இருந்தவரை சிறுவாணித் தண்ணீர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. அந்த வீட்டில் மெஷினை ஈரத்துணியால் துடைத்ததோடு சரி, ஒரு குறையும் சொல்லவில்லை. போன வருஷம் ஜூனில் சரவணம்பட்டி பக்கம் வீடு மாறினோம். இங்கே 850 அடி போர்வெல். மீட்டர் 1,240 காட்டியது. ஒரே மாதத்தில் குழாய் வாயெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது; ஹீட்டர் காயில் போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, ஐஸ் மெஷினுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் என்று விதியும் இருக்கிறது. ஆனால் ஆர்.ஓ. நூல் மாதிரி வரும், ஐஸ் கேட்கிறவர்கள் கும்பலாக வருவார்கள். மகன் நேராகச் சிங்க் குழாயில் பிடித்து ஊற்றியிருக்கிறான். நானும் ஊற்றியிருக்கிறேன். அவன் மேல் மட்டும் பழியைப் போட்டால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மார்ச் கடைசியில் ஆரம்பித்தது. டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே 'தண்ணீர் ஊற்று' விளக்கு எரியும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் அணையும். ரேடியோ காலத்துப் பழக்கம், நானும் தட்டிக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன். அடுத்தது, ஐஸ் மெலிந்தது. அதற்கடுத்து, ஐஸ் குச்சியைவிட்டு விழாமல் தொங்கி, தள்ளுகிற பலகை அதில் முட்டிக் 'கட கட'வென்று சத்தம் போட்டது. மூன்றும் ஒரே வியாதி என்றுதான் நினைத்தேன். மூன்றும் வேறு வேறு.

இதற்கு நடுவில் டேங்கின் மூலையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மகனைக் கூப்பிட்டு, "ரோஸ்மில்க் சிரப்பை எதுக்குடா இதுக்குள்ள ஊத்துனே?" என்றேன்.

"நான் ஊத்தலப்பா. தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். சிரப் ஒட்டும், இது வழுக்கியது. குளியலறைத் தரை ஓரத்திலும் பக்கெட் அடியிலும் படியுமே, அதே ரோஸ் வழுவழுப்பு. பாசி என்று சொல்கிறோம், ஆனால் அது பாக்டீரியா கூட்டம். ஈரம் காயாத இடத்தில் குடியேறும். அந்த வாரம் முழுக்க அந்த ஐஸில்தான் சர்பத் குடித்திருந்தோம். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

முதல் தப்பு, வினிகர். இணையத்தில் பார்த்த பத்து வீடியோவில் எட்டு வினிகர்தான் சொன்னது. 45 ரூபாய் பாட்டில் இரண்டு வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து டேங்கில் ஊற்றி, சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு ஆபீஸ் வேலையைப் பார்த்தேன். ரோஸ் கோடு போனது. விளக்கு எரிவது கொஞ்சம் குறைந்தது. உப்பு மட்டும் அசையவில்லை. விரல் நகத்தால் சுரண்டினால் வருகிற அளவுக்கு இளகியது, அவ்வளவே. நாற்றம்தான் பெரிய தொல்லை. நாலு முறை அலசியும் மூன்று நாள் வரை ஐஸில் ஊறுகாய் வாடை. நன்னாரி சர்பத்தில் அந்த ஐஸைப் போட்டுக் குடித்த மாமனார் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு, "மாப்ள, எனக்கு மோரே போதுங்க" என்றார்.

சரி, கேஸ் தீர்ந்திருக்கும் என்று முடிவு கட்டி ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்து பார்க்க 300 ரூபாய். அவர் எதையும் கழற்றவில்லை. மெஷின் முதுகில் உள்ளங்கையை வைத்து இரண்டு நிமிடம் நின்றார். ஒரு ஈடு விழும்வரை பார்த்தார்.

"ஏனுங்ணா, கேஸ் போயிருச்சுங்களா?"

"கேஸ் போயிருந்தா இந்தளவுகூடப் புடிக்காதுங்க. கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்குது. நீங்க தண்ணி பக்கம் பாருங்க." பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். ஆர்-600ஏ. "இது அடுப்பு கேஸுக்குப் பங்காளிங்க. தீப்புடிக்கும். செம்பு பைப்புல மட்டும் கை வெச்சுறாதீங்க."

அந்த 300-ஐ நான் தண்டத்தில் சேர்க்கவில்லை. தண்ணி பக்கம் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அது தகும். அவர் சொன்னது சரி, நான் கேட்டதுதான் தப்பு. தண்ணி பக்கம் என்றால் மோட்டார் என்று என் காதில் விழுந்தது. அன்று ராத்திரியே 640 ரூபாய்க்கு 12 வோல்ட் மோட்டார் ஒன்றை ஆர்டர் போட்டேன். அதுவும் சீனாவிலிருந்து வந்த சரக்கு. பம்புக்குப் பேர் போன கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு!

மோட்டார் வந்து சேர்ந்த சனிக்கிழமை மெஷினைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கி, அடி மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து, பழைய பெட்ஷீட் விரித்து வைத்துக்கொண்டேன். பின் பலகையில் ஆறு திருகு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அடியில் நாலு. எல்லாம் ஸ்டார் திருகு. பன்னிரண்டையும் எடுத்த பிறகும் பலகை வரவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். பதின்மூன்றாவது ஒரு ரப்பர் காலுக்குள் ஒளிந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் மொபைலில் படம் எடுத்து வைத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கலர் வயர் எது எங்கே என்று பிறகு அதில்தான் பார்த்துக்கொண்டேன். உள்ளே பாதி இடத்தைக் கம்ப்ரஸர் அடைத்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து போகும் செம்புக் குழாய்கள் பேனா ரீஃபில் மாதிரி மெல்லிசு. முழங்கை பட்டால்கூட வளையும். நான் அந்தப் பக்கத்தை ஒரு துண்டால் மூடிவிட்டுத்தான் கை வைத்தேன்.

பழைய மோட்டாரைக் கழற்றினதும், புதிதை மாட்டுவதற்கு முன்னால் சும்மா ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று கிடந்தது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு பிடித்து மோட்டாரைப் பக்கெட்டில் முக்கினேன். ஒரு லிட்டர் ஜக்கு 42 விநாடியில் நிறைந்தது. புதிய மோட்டாரைப் பிடித்தேன். 40 விநாடி. இரண்டு விநாடிக்கு 640 ரூபாய்.

பிறகு பழைய மோட்டாரிலேயே மெஷினின் டியூபைச் சொருகி அதே ஜக்கை நிரப்பினேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். கவர் பிரித்த மோட்டாரைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அது இப்போது ஸ்பேர் என்ற கௌரவமான பெயரோடு டிராயரில் கிடக்கிறது.

டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், நடுவில் ஒரு வளைவு. அந்த வளைவில்தான் தண்ணீர் எப்போதும் தேங்கும் போல. உள்ளே காபி டிகாக்ஷன் நிறத்தில் ஜவ்வு மாதிரி ஒன்று சுவரெல்லாம் பூசி, நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு மட்டும் வழிவிட்டிருந்தது. பால் பாட்டில் ஸ்ட்ரா கழுவும் பிரஷ் செட் ஒன்று 120 ரூபாய்க்கு வாங்கி உள்ளே விட்டு இழுத்தேன். முதல் இழுப்பில் வந்ததை இங்கே விவரிக்க வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பீர்கள். கழுவிய பிறகும் டியூபின் உள்பக்கம் பிசுபிசுவென்றே இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு, உணவுக்கு ஏற்ற சிலிகான் டியூப் ஒரு மீட்டர் 150 ரூபாய்க்கு வாங்கினேன். வெர்னியரில் அளந்ததில் பழையதற்கு உள் விட்டம் 8 மில்லிமீட்டர், வெளி விட்டம் 11. அதே அளவு வாங்குங்கள். உள்ளளவு ஒரு மில்லி அதிகமானாலும் கிளிப் பிடிக்காமல் கசியும். மீதமுள்ள 70 சென்டிமீட்டரை அடுத்த இரண்டு முறைக்கு வைத்திருக்கிறேன்.

மெலிந்த ஐஸுக்குக் காரணம் இந்த டியூப்தான். டிரே பாதிதான் நிறைந்தது, குச்சியின் நுனி மட்டும்தான் நனைந்தது. விளக்குக்குக் காரணம் வேறு. டேங்க் மூலையில் கோலிக்குண்டு அளவு மிதவை ஒன்று ஒரு சின்னத் தண்டில் ஏறி இறங்கும். உள்ளே காந்தம் இருக்கிறது. மேலே வந்தால் தண்ணீர் இருக்கிறது என்று மெஷின் புரிந்துகொள்ளும். அந்தத் தண்டில் உப்பு, தேங்காய்த் துருவல் தூவினது போலப் படிந்து மிதவையை அடியிலேயே பிடித்து வைத்திருந்தது. நான் பக்கவாட்டில் தட்டும்போது அது விடுபட்டு மேலே வந்திருக்கிறது. ரேடியோ வைத்தியம் பலித்த ரகசியம் அதுதான்.

உப்பை எடுக்க டவுன்ஹால் பக்கம் கேக் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் ஆசிட் 400 கிராம் வாங்கினேன், 140 ரூபாய். லெமன் சால்ட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். லிட்டருக்கு 20 கிராம் வீதம், டேங்குக்கு 30 கிராம். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஊற்றின உடனே டேங்கின் ஓரம் முழுக்க சோடா உடைத்த மாதிரி நுரைத்தது. காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும். நுரை வருகிறதென்றால் அங்கே சுண்ணாம்பு உப்பு இருக்கிறது, புதுக் கரைசல் ஊற்றியும் நுரை வராவிட்டால் தீர்ந்தது. வேறு பரிசோதனை தேவையில்லை. வினிகருக்கு இவ்வளவு நுரை வந்ததாக எனக்கு நினைவில்லை, வாடையும் இதில் துளி இல்லை.

அரை மணி நேரம் ஓடிய பிறகு வடித்த தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருந்தது, அடியில் வெள்ளைப் பொருக்கு. சந்தோஷமாக இரண்டாவது சுற்றைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மோட்டார் வறட்டுச் சத்தம் போடுகிறது, டிரேக்குத் தண்ணீரே ஏறவில்லை. பெயர்ந்த பொருக்கெல்லாம் போய் மோட்டாரின் வாயில் இருக்கும் வலையை அடைத்துவிட்டது. புருவம் எடுக்கும் இடுக்கியைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதனால், பொருக்கு பெயர ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி வடித்து, வலையைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஓட விடுங்கள். மூன்று சுற்று போட்டேன், 90 கிராம் ஆனது. மூன்றாவதில் நுரை இல்லை. மிதவை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது.

அடுத்தது குச்சிகள். ஐஸ் விழாமல் ஒட்டிக்கொண்டதற்கு அவற்றின் மேல் படிந்த உப்புச் சொரசொரப்புதான் காரணம். டிரேயைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து முதல் குச்சியைத் தேய்க்க ஆரம்பித்தேன். நன்றாகவே வந்தது. பளபளப்பும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்து நின்ற மனைவி கேட்டாள்: "நான் நான்ஸ்டிக் தவாவுல இந்த நாரைப் போட்டா என்ன கத்து கத்துவீங்க?"

நிறுத்திவிட்டேன். டார்ச் அடித்து, மகனின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்ததில் அந்த ஒரு குச்சியில் மட்டும் மெல்லிய கீறல்கள், சுற்றிச் சுற்றி. நிறம் வெள்ளியாகவேதான் இருந்தது. செம்பு நிறம் எங்கேயாவது எட்டிப் பார்த்திருந்தால் அதோடு இந்த மெஷினின் ஐஸைக் குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்தியிருப்பேன். முலாம் உரிந்த குச்சியை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. மற்ற எட்டுக் குச்சிக்கும் சிட்ரிக் கரைசலில் நனைத்த பஞ்சைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டேன். பிறகு குழந்தைகளுக்கான மென்மையான டூத்பிரஷால் ஒரு தடவு. உப்பு தானாக வழிந்து இறங்கியது. நாருக்கு வேலையே இல்லை. அமிலத்தில் குச்சியை மணிக்கணக்கில் ஊறப் போடவும் வேண்டாம், அதுவும் முலாமைத் தின்னும்.

உப்பு போனதால் கிருமி போனதாக அர்த்தமில்லை. ரோஸ் வழுவழுப்பை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வாசனை சேர்க்காத ப்ளீச் திரவம் 60 ரூபாய். ஒன்றரை லிட்டருக்கு 5 மில்லி, ஒரு டீஸ்பூன். பத்து நிமிடம் ஓட விட்டு வடித்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். இதில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: சிட்ரிக் ஆசிடோ வினிகரோ கொஞ்சம்கூட மிச்சம் இருக்கும்போது ப்ளீச்சை ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடின சமையலறையில் அது விளையாட்டில்லை. நான் சிட்ரிக்கைச் சனிக்கிழமை முடித்து அலசி, ப்ளீச்சை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தொட்டேன். ஜன்னல் திறந்து, ஃபேன் போட்டு.

பலகையைத் திறந்து வைத்திருந்ததால்தான் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரையும் பார்க்க முடிந்தது. பக்கவாட்டு ஜாலிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகட்டு வரிசை முழுக்க கம்பளி போர்த்தினது போலத் தூசி. அதில் எங்கள் வீட்டுத் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்து பிசின் மாதிரி இருந்தது. பழைய பெயின்ட் பிரஷால் தகடு போகிற திசையிலேயே தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினேன். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். காசில்லாத வேலை, பத்து நிமிடம். ஆனால் ஈடுக்கு 12 நிமிடமாக இருந்தது 10-க்கு இறங்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன். மற்ற எதுவும் கம்ப்ரஸர் பக்கம் நான் செய்யவில்லை. முன்பு சுவரோடு ஒட்டி வைத்திருந்ததை இப்போது ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது. ரப்பர் காலுக்குள் இருந்ததுதான். அது இல்லாமலேயே நிற்கிறது. மெஷினைப் பலமுறை சாய்த்திருந்ததால் உடனே பிளக் போடாமல் ராத்திரி முழுக்க நிமிர்த்தியே வைத்தேன். கம்ப்ரஸர் ஆயில் இறங்கி நிற்க வேண்டும். காலையில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஓட விட்டேன். முதல் ஈடு 38 கிராம். வயிற்றில் புளி கரைத்தது. இரண்டாவது 53. மூன்றாவது 64. டேங்க் தண்ணீர் குளிர்ந்த பிறகுதான் முழு எடை வரும் என்பது மறந்தே போயிருந்தது. அந்த மூன்று ஈடும் சிங்க்கில். அதற்குப் பிறகு 66.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிய நாட்களே அதிகமாக இருந்தும் எப்படி இவ்வளவு உப்பு என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. டிடிஎஸ் மீட்டர் கையில் இருக்கிறது. டேங்கை முழுதாக நிரப்பி, இடையில் ஊற்றாமல் 12 ஈடு எடுத்தேன். ஊற்றின ஆர்.ஓ. தண்ணீர் 58. ஐஸை உருக்கி அளந்தால் 22. டேங்கில் மிஞ்சிய தண்ணீர் 98. உறையும்போது தண்ணீர் தன் உப்பில் பெரும்பாகத்தை வெளியே தள்ளிவிடுகிறது. டிரே அதைத் திருப்பிக் கொட்டக் கொட்ட டேங்க் தண்ணீர் கெட்டியாகிக்கொண்டே போகிறது. வேண்டுமென்றே ஒரு முறை போர்த் தண்ணீரிலும் செய்து பார்த்தேன். 1,240 ஊற்றினேன், ஐஸ் 480, டேங்க் 2,090. இரண்டே மணி நேரத்தில். நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? வாரக்கணக்கில் வடிக்காமல், குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருந்தோம். ரசம் சுண்டுகிற மாதிரி டேங்க் சுண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சோதனை முடிந்த கையோடு வடித்து, ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு முறை அலசினேன்.

ஏன் வடிக்கவில்லை என்றால், சோம்பல் என்று சொல்லலாம், ஆனால் இடமும் ஒரு காரணம். வடிகால் மூடி முன்பக்கம் அடியில் இருக்கிறது. மெஷின் இருந்தது மேடையின் மறுகோடியில். பத்து கிலோவுக்குக் குறையாத சாமானைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு சிங்க் வரை நடந்து, முனையில் தொங்கவிட்டு மூடியைப் பிடுங்க வேண்டும். யார் செய்வார்கள்? இப்போது சிங்க் ஓரத்திலேயே வைத்து, அடியில் இரண்டு அங்குலப் பலகை ஒன்று கொடுத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் தண்ணீர் தானாகச் சிங்க்குக்குப் போகிறது. தினமும் ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவுகிறவர் மூடியைத் திறந்துவிட்டு, மேல் கதவையும் திறந்தே வைக்க வேண்டும். காலையில் டேங்க் காய்ந்திருக்கும். மாதம் ஒரு முறை 30 கிராம் சிட்ரிக், அரை மணி நேரம். ப்ளீச் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம். ஐந்து வாரத்தில் ரோஸ் கோடு திரும்ப வரவில்லை என்று எழுத ஆசை. மெஷின் சரியாகியே இரண்டு வாரம்தான் ஆகிறது.

கணக்கு கேட்பவர்களுக்கு: மெக்கானிக் 300, வினிகர் 90, மோட்டார் 640, சிட்ரிக் 140, பிரஷ் 120, டியூப் 150, ப்ளீச் 60. மறுபடி செய்தால் சிட்ரிக்கில் ஆரம்பிப்பேன். அது முடிந்தும் ஐஸ் மெலிந்தே இருந்தால் டியூப். மோட்டாரை அடாப்டரில் ஓட்டி அளந்து பார்க்காமல் புதிது வாங்க மாட்டேன். பச்சை நார் அந்தப் பக்கமே வராது.

ஒவ்வொரு ஈடிலும் எட்டு ஐஸ் சேர்ந்தாற்போல் 'சடசட'வென்று விழுகிறது. நான் நார் போட்டுத் தேய்த்த குச்சியிலிருந்து ஒன்பதாவது, பலகை கிளம்புவதற்குச் சற்று முன்னால், நாலு விநாடி கழித்துத் தனியாக விழுகிறது. மகன் அதற்கு 'லேட் லத்தீப்' என்று பெயர் வைத்திருக்கிறான்.